அப்பாவுக்கு ஏற்ற வண்டி

ஆர்டல் பள்ளத்தாக்கு, ஸ்காட்லாந்து
12 செப்டம்பர் 2009

ரோனா,

போனில் பேசினால் அப்பா ஹாலுக்கு நாற்காலியை இழுத்து வந்து உட்கார்ந்து கேட்கிறார். அதனால்தான் கடிதம்.

நம் பழைய ஜப்பான் வண்டி இந்த வருஷச் சோதனையில் தேறவில்லை. எஞ்சினுக்கு ஒன்றுமில்லை. அடிச்சட்டம் துருப்பிடித்து, விரலால் குத்தினால் உதிர்கிறது. இனி அதைத் தார்ச்சாலையில் ஓட்டக்கூடாது. புது வண்டி வாங்கியே ஆகவேண்டும்.

இரண்டாவது மாரடைப்புக்குப் பிறகு இன்வெர்னெஸ் டாக்டர் சொன்னதை உனக்கும் சொன்னேன். வலி வந்தால் காத்திருக்கக் கூடாது, உடனே கொண்டுவர வேண்டும். பனிக்காலத்தில் நம் கல்பாதையில் ஆம்புலன்ஸ் இறங்காது. பாலமில்லாத ஆற்றை வண்டியிலேயே கடந்து, பாறைமேல் ஏறி, தார்ச்சாலைவரைக்கும் அவரைக் கொண்டு சேர்க்க வேண்டியது நான்தான். டிங்வால் ஊரில் அதே கம்பெனியின் புது வண்டி ஒன்றைப் பார்த்துவைத்திருக்கிறேன். துணி இருக்கை, இரும்பு அலமாரிச் சாம்பல் நிறம், அழகென்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காலையில் சாவியைத் திருப்பினால் கிளம்பும். அப்பாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். "கவுன்சில்காரன் குழி தோண்ட வர்ற வண்டி மாதிரி இருக்கு" என்றார்.

அப்போதுதான் உன் வீட்டுக்காரர் ரூபர்ட் அனுப்பிய வென்லாக் சொகுசு வண்டியின் படப்புத்தகம் வந்தது. இப்போது அது அவர் படுக்கையருகே பைபிளுக்கு மேலே இருக்கிறது.

ரூபர்ட் அந்த வண்டியை விற்கிறவர், அவருக்கு அதில் லாபம் உண்டு, புரிகிறது. ஆனால் இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் விற்க வேண்டாமென்று சொல். அப்பா உன் பேச்சைக் கேட்பார்.

இஷ்பெல்


கில்ட்ஃபோர்ட்
18 செப்டம்பர்

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவின் இதயத்தைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறாய், அவர் மனசைப் பற்றி ஒரு வரி இல்லை.

படப்புத்தகத்தைக் கேட்டு வாங்கியவரே அவர்தான். ஆகஸ்டில் இங்கே வந்திருந்தபோது ஷோரூமில் வென்லாக்கில் ஏறி உட்கார்ந்தார். வெண்ணெய் நிறத் தோல், வால்நட் மரப் பலகை, கதவை மூடினால் தலையணையில் கை வைத்த மாதிரிச் சத்தம். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இறங்கவே இல்லை. அம்மா போன பிறகு அவர் முகத்தில் அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை. நீ பார்த்திருக்கிறாயா? கூடவே இருக்கிறாயே, அதனால் கேட்கிறேன்.

நீ எதை வாங்கினாலும் உடையுமா உடையாதா என்று மட்டும்தான் பார்ப்பாய். உன் கோட்டு, உன் ரப்பர் பூட்ஸ், நீயே கத்தரிக்கோல் வைத்து வெட்டிக்கொள்ளும் முடி, எல்லாம் அப்படித்தான். உன்னைக் கட்டிக்கொள்ள வந்தவரையும் அப்படித்தான் தட்டித் தட்டிப் பார்த்தாய். அவர் உடையவில்லை அக்கா. ஓடிவிட்டார்.

வென்லாக்கை எழுபத்தைந்தாவது பிறந்தநாள் பரிசாக நாங்களே அவருக்குத் தருகிறோம். அதனால் லாபக் கணக்கு வேண்டாம். நேற்று போனில் சொன்னபோது அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "இஷ்பெலும் அந்தப் பழைய வண்டியும் ஒரே ஜாதி. ஓடும். ஆனா நாலு பேர் முன்னாடி கொண்டுபோய் நிறுத்த முடியாது" என்றார். கோபப்படாதே. பாசத்தில் சொன்னதுதான்.

ரோனா


ஆர்டல்
30 அக்டோபர்

ரோனா,

வண்டி வந்தது. அழகாகத்தான் இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். பள்ளத்தாக்கில் உள்ளவர்களெல்லாம் வந்து சுற்றிப் பார்த்தார்கள். அப்பா ட்வீட் கோட்டுப் போட்டு, கழுத்துப்பட்டை கட்டி, முன்னிருக்கையில் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, கை கொடுத்துக்கொண்டிருந்தார். தேவாலயத்துக்கு இரண்டு ஞாயிறு போனோம். மூன்றாவது ஞாயிறு, வாசலில் பாதிரியார் நின்றுகொண்டிருக்கும்போதே, ஒரு பெருமூச்சு விட்டு வண்டி அப்படியே தரையோடு தாழ்ந்து உட்கார்ந்துவிட்டது. காற்றடைத்த ஸ்பிரிங்காம். இங்கிருந்து லாரியில் ஏற்றி இன்வெர்னெஸ் கொண்டுபோனார்கள். மெக்கானிக் மடிக்கணினியை அதில் செருகி, ஏதோ தட்டி, "இப்ப சரி" என்றான். எது கெட்டிருந்தது என்று கேட்டேன். "அது எங்களுக்கே தெரியாதும்மா, கம்ப்யூட்டர் சொன்னா நாங்க செய்வோம்" என்றான்.

திரும்பி வந்ததும் திரையில் ஒரு ஆரஞ்சு விளக்கு. அதற்கு அர்த்தம், 'கவனிக்கவும்'. எதை என்று போடவில்லை. அன்றிலிருந்து அந்தத் திரையைத்தான் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

இதை எழுதுவதற்குக் காரணம் வேறு. பழைய வண்டியைக் கொட்டகையில் விட்டுவைக்கலாம், வழி அடைத்தால் ஆற்றங்கரை வரைக்குமாவது உதவும் என்று சொல்லிவைத்திருந்தேன். நேற்று சந்தைக்குப் போய் வருவதற்குள் அதை ஆற்றுக்கு அக்கரையில் ஆடு மேய்க்கும் டூகலுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். ஒரு பாட்டில் விஸ்கிக்கு.

"ஏன்ப்பா, என்னைக் கேட்க வேண்டாமா?"

"உன்னை எதுக்குக் கேட்கணும்? அது வாசல்ல நின்னா புது வண்டிக்கு அசிங்கம்னு ரோனா சொன்னா. சரிதானே?"

சரிதானே என்று உன்னிடம் கேட்கிறேன்.

இஷ்பெல்


கில்ட்ஃபோர்ட்
6 நவம்பர்

அன்புள்ள அக்கா,

ஆமாம், சொன்னேன். கல்யாண வீட்டு வாசலில் குப்பை லாரி நிற்பது போல இருக்கும் என்றேன். அதற்கு ஒரு கடிதமா?

ரூபர்ட்டிடம் கேட்டேன். காற்று ஸ்பிரிங் நுட்பமான பொருள், ஓட்டுகிறவர் கை பழக வேண்டும் என்கிறார். கையேட்டைப் படித்தாயா? அப்பா வேறு மாதிரிச் சொல்கிறார். நீ வேண்டுமென்றே சேற்றிலும் கல்லிலும் ஏற்றுகிறாயாம். அந்த வண்டி உன் கையில் கெடவேண்டும் என்று நீ ஆசைப்படுவது அவருக்குத் தெரிகிறதாம்.

கிறிஸ்துமஸுக்கு இந்த வருஷம் வர முடியாது. ரூபர்ட்டின் வாடிக்கையாளர்கள் வருகிறார்கள். அப்பாவுக்கு ஒரு நல்ல பன்றித்தொடை அனுப்புகிறேன். உனக்குக் கையுறை.

ரோனா


இன்வெர்னெஸ் மருத்துவமனை, இதய வார்டு
27 டிசம்பர்

அக்கா,

நீ கீழ் மாடியில் இருக்கிறாய் என்று நர்ஸ் சொன்னாள். இப்போது உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அதனால் இதை அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

அப்பா பேசுகிறார். முதல் வார்த்தையே உன்னைப் பற்றித்தான். "என்னைப் பனியில வண்டிக்குள்ள போட்டுட்டு ஓடிட்டா." டாக்டரிடம் சொன்னார், நர்ஸிடம் சொன்னார், சாப்பாடு கொண்டு வந்த பையனிடமும் சொன்னார். மார்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் கிழவரைத் தனியாக விட்டுவிட்டு எப்படி அக்கா போக முடிந்தது? கூடவே உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தால்கூட நான் உன்னை மன்னித்திருப்பேன்.

நீ எதையோ அமுக்கித்தான் வண்டி நின்றது என்கிறார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓடிப்போனதைத்தான் தாங்க முடியவில்லை.

ரோனா


அதே மருத்துவமனை, கீழ் மாடி
28 டிசம்பர்

ரோனா,

நடந்ததை ஒரே ஒரு தடவை எழுதுகிறேன். இனி இதைப் பற்றிப் பேசமாட்டேன்.

கிறிஸ்துமஸ் அன்று மதியம் சாப்பாட்டு மேஜையில் நீ அனுப்பிய பன்றித்தொடையை வெட்டும்போது அப்பா கத்தியைக் கீழே வைத்தார். முகம் சாம்பலாகிவிட்டது. ஹெலிகாப்டரைக் கூப்பிட்டேன், பனிமூட்டத்தில் இறங்காது என்றார்கள். ஆம்புலன்ஸ் தார்ச்சாலையில் வந்து நிற்கும், அங்கே கொண்டுவாருங்கள் என்றார்கள். அவரை வென்லாக்கில் ஏற்றினேன். ஆற்றுக்கு இந்தப் பக்கம், தண்ணீர் கண்ணில் படுகிற இடத்தில், வண்டி தானாக நின்றது. பின் சக்கரங்கள் இரண்டும் பூட்டிக்கொண்டன. அதில் கையால் இழுக்கும் பிரேக் கிடையாது, ஒரு பொத்தான்தான் இருக்கிறது. பொத்தானை அமுக்கினேன். திரையில் எழுத்து வந்தது: 'பார்க்கிங் பிரேக் பழுது. உங்கள் விற்பனையாளரை அணுகவும்.'

"ரூபர்ட்டுக்குப் போன் போடு" என்றார் அப்பா.

"இங்க சிக்னல் கிடைக்காதுப்பா."

"நீ எதையோ அமுக்கிட்ட. உன் கை பட்டா எதுவும் உருப்படாது."

எஞ்சின் ஓடியது. சூடு வந்தது. இருக்கைகூடச் சூடானது. சக்கரம் மட்டும் அசையவில்லை. அந்தப் பாதையில் அந்த நாளில் வேறு யாரும் வரப்போவதில்லை. உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தால் நீ மன்னித்திருப்பாய், சரி. ஆம்புலன்ஸ்காரன் அக்கரைக்கு அப்பால் காத்துக்கொண்டிருந்தான். நான் இறங்கினேன்.

"டூகல் வீட்டுக்குப் போய் வண்டியைக் கொண்டுவரேன். வந்துடுவேன்ப்பா."

அதற்கு அவர் சொன்னதையும் கேள். "போறவ கதவை நல்லா மூடிட்டுப் போ. தோல் சீட்ல பனி விழுது."

ஆற்றில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். பூட்ஸுக்குள் புகுந்தது, சிறிது தூரத்திலேயே உறைந்தது. மேட்டில் ஏறும்போது பாதம் வலித்தது. பிறகு வலிக்கவில்லை. வலி நின்றதும் நல்லதென்று நினைத்தேன், மூடத்தனம். டூகல் என்னைப் பார்த்ததுமே சாவியை எடுத்தார். நம் பழைய வண்டி கொட்டகையில் வைக்கோலுக்கு நடுவில் இருந்தது. முதல் திருப்பில் கிளம்பியது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அப்பாவுக்கு நினைவு இருந்தது. "அந்தக் குப்பையில நான் ஏறமாட்டேன்" என்றார். உதடு நீலமாகிவிட்டது, அப்போதும் அதைத்தான் சொன்னார். டூகல் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி உள்ளே போட்டார்.

இடது காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். நான் ஓடிப்போன கால் அதுதான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ரூபர்ட்டின் ஆட்கள் அந்த வண்டியைப் பிரித்துப் பார்க்கட்டும். என்ன கண்டார்களோ அதை அப்பாவிடம் நீயே சொல். நான் சொன்னால் நம்பமாட்டார்.

இஷ்பெல்


கில்ட்ஃபோர்ட்
19 பிப்ரவரி 2010

அன்புள்ள அக்கா,

உன் கால் எப்படி இருக்கிறது? அன்று மேலேயே இருந்துவிட்டேன், கீழே வந்து பார்த்திருக்கலாம். அப்பா என் கையை விடவில்லை.

வண்டியைப் பார்த்தார்கள். பிரேக் பெட்டிக்குள் ஈரம் இறங்கி உறைந்திருந்ததாம். ஆக, நீ சொன்னது ஒருவகையில் சரிதான். ரூபர்ட் சத்தமில்லாமல் சரிசெய்து, கென்ட் பக்கத்தில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். அங்கே பனி அவ்வளவாகக் கிடையாது.

அப்பாவிடம் சொல்லவில்லை. யோசித்துப் பார், அந்தப் பரிசை அவர் எவ்வளவு ஆசையாக வாங்கினார். எங்கள் கையால் கொடுத்ததே தன்னைக் கொல்லப் பார்த்தது என்று தெரிந்தால் தாங்குவாரா? உன்மேல் கோபம் என்றால் அது அவருக்குப் பழகிப்போனது, உடம்புக்கு ஒன்றும் செய்யாது.

அவர் இனி எங்களோடுதான் இருப்பார். ஆர்டல் வீட்டை என் பெயருக்கு எழுதிவிட்டார். நான் கேட்கவில்லை, நீ நம்பினாலும் நம்பாவிட்டாலும். "விட்டுட்டு ஓடினவளுக்கு வீடு எதுக்கு" என்று வக்கீலிடமே சொன்னார். மே மாதத்தில் அதை வேட்டைக்கு வருகிறவர்களுக்கான ஹோட்டலாக்க ஒருவர் எடுத்துக்கொள்கிறார். அதற்குள் உன் சாமான்களை எடுத்துக்கொண்டால் நல்லது. மறுபடியும் நீ வேறு மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டாம். உனக்கும் இனி ஓய்வு வேண்டும்.

ரோனா


ஆர்டல்
2 மார்ச்

ரோனா,

சாமான் ஒன்றுமில்லை. கிளம்பிவிட்டேன்.

வீட்டை எடுத்துக்கொண்டாய். அதோடு சேர்ந்து வருவதையும் இப்போது எடுத்துக்கொண்டாய். அது உனக்கு இன்னும் தெரியாது.

இஷ்பெல்


கில்ட்ஃபோர்ட்
14 நவம்பர்

அன்புள்ள அக்கா,

உன் விலாசத்தை டூகலிடம் கேட்டு வாங்கினேன். வடக்கே கடலோரத்தில் சுகாதார நிலையத்துக்கு வண்டி ஓட்டுகிறாயாம், நோயாளிகளை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருகிறாயாம். நல்ல வேலை. போன் நம்பர் மட்டும் தரக்கூடாதென்று சொல்லியிருக்கிறாய் என்றார்.

அக்கா, என்னால் முடியவில்லை. அவர் மணியை அடிக்கிறார். நான் மாடியேறி வருவதற்குள் மறுபடி அடிக்கிறார். காலையில் ஓட்ஸ் கஞ்சி கொடுத்தால், "இது கஞ்சியா, சுவர்ல காகிதம் ஒட்டுற பசையா?" என்று கிண்ணத்தைத் தள்ளிவிடுகிறார். கம்பளம் முழுக்கக் கஞ்சி. வாடிக்கையாளர்கள் வந்திருக்கும்போது மாடியிலிருந்து கத்துகிறார். போன வாரம் ரூபர்ட் முன்னாலேயே சொன்னார்: "பார்க்கத்தான் லட்சணம். ஒரு காரியத்துக்கு ஆகமாட்டா." ரூபர்ட் சிரித்தார். அவர் இப்போது வாரநாட்களில் லண்டனிலேயே தங்கிவிடுகிறார்.

என் வாழ்நாளில் அப்பா என்னைத் திட்டியதே இல்லை. உனக்கே தெரியும். அவருக்கு என்ன ஆயிற்று? நீ எப்படிச் சமாளித்தாய்? கொஞ்ச நாளைக்கு அவரை வைத்துக்கொள்ள முடியுமா? கோடைகாலம் வரைக்கும் போதும். செலவு முழுக்க நான் தருகிறேன்.

ரோனா


லாக்கின்வர்
21 நவம்பர்

ரோனா,

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எப்போதும் இப்படித்தான். இதுவரை உன் பங்கையும் சேர்த்து நான் வாங்கிக்கொண்டிருந்தேன். நான் நகர்ந்ததும் உனக்கு உரியது உன்னிடம் வருகிறது.

கஞ்சிக்கு உப்புப் போட வேண்டும். சர்க்கரை போட்டிருப்பாய்.

முடியாது. அவருக்கு அழகானதுதான் வேண்டுமென்று நீதான் எனக்கு எழுதினாய். கிடைத்துவிட்டது. உட்கார்ந்து பார்க்கட்டும்.

நீ அவரிடம் அந்த பிரேக்கைப் பற்றிச் சொல்லிவிட்டால் அன்றைக்கு எழுது. அதுவரை எழுதாதே.

இஷ்பெல்


கில்ட்ஃபோர்ட்
17 ஜனவரி 2011

அக்கா,

சுகாதார நிலையத்துக்குப் போன் செய்தேன். நீ பக்கத்திலேயே இருப்பதாகவும் பேச மறுப்பதாகவும் அங்கிருந்த பெண் சொன்னாள். அதனால் இதை அவசரத் தபாலில் போடுகிறேன்.

அப்பா போய்க்கொண்டிருக்கிறார். டாக்டர் நாள் கணக்கில்தான் பேசுகிறார், வாரக்கணக்கில் இல்லை. நினைவு தப்பித் தப்பி வருகிறது. கட்டிலில் இருக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. இன்னும் அந்த வண்டிக்குள், ஆற்றங்கரையில், பனிக்கு நடுவில் உட்கார்ந்திருப்பதாக நினைக்கிறார். கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னலைப் புறங்கையால் துடைத்துத் துடைத்து வெளியே பார்க்கிறார்.

"இஷ்பெல் வந்துட்டாளா?" என்று கேட்கிறார்.

"நான் ரோனாப்பா" என்கிறேன்.

"நீ இல்ல. நீ எதுக்கு? அவ வண்டி எடுத்துட்டு வரப் போயிருக்கா. வந்துடுவேன்னு சொல்லிட்டுத்தான் போனா."

கேட்டாயா அக்கா? நீ சொன்னது அவருக்கு ஞாபகம் இருக்கிறது. அப்போதே தெரிந்திருக்கிறது. இத்தனை நாள் தெரிந்தேதான் அப்படிப் பேசியிருக்கிறார். நானும் தெரிந்தேதான் இருந்தேன்.

பிரேக்கைப் பற்றி நேற்று அவர் காதோரம் சொன்னேன். கேட்டதா என்று தெரியவில்லை. "கதவை மூடு" என்றார்.

தாமதித்துவிட்டேன். என்னை என்ன வேண்டுமானாலும் சொல், வந்து சொல். ஒரு தடவை அவர் கண்ணில் பட்டுவிடு. அவர் உனக்காகத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். வீட்டைப் பற்றிப் பிறகு பேசலாம்.

ரோனா


இன்வெர்னெஸ் மருத்துவமனை, வண்டி நிறுத்துமிடம்
19 ஜனவரி

ரோனா,

ஒரு நோயாளிக்காகக் காத்திருக்கும் நேரத்தில் இதை எழுதுகிறேன். உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இதையும் அவசரத் தபாலில் போடுகிறேன்.

நான் வேலைக்கு ஓட்டுவதும் என்னுடையதும் ஒரே வண்டிதான். நம் பழையதைச் செய்த அதே ஜப்பான் கம்பெனி. துணி இருக்கை, இரும்பு அலமாரிச் சாம்பல். டேங்க் நிறைய இருக்கிறது. தெற்கே போகும் சாலையில் இன்று காலை பனியை வழித்துவிட்டார்கள். இப்போது கிளம்பினால் நாளை விடிவதற்குள் உன் வாசலில் இருப்பேன்.

வென்லாக்காக இருந்தால் எனக்குச் சுலபம். வழியில் பெர்த் ஊரைத் தாண்டும்போது ஏதோ விளக்கு எரிந்தது, நின்றுவிட்டது என்று எழுதியிருப்பேன். நீயும் நம்பியிருப்பாய், வேறு யார் நம்பாவிட்டாலும். இந்த வண்டியைப் பற்றி அப்படி எழுத முடியாது. இது நிற்காது. அதனால் உள்ளதை எழுத வேண்டியிருக்கிறது: நான் வரமாட்டேன்.

கால் வலியால் இல்லை. வீட்டுக்காகவும் இல்லை. வந்தால் அவர் என்னைப் பார்த்து என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். 'ஏன் இவ்வளவு நேரம்' என்பார். அதைக் கேட்டுக்கொண்டு அவர் கட்டிலருகே நின்று நான் மன்னிப்புக் கேட்பேன். அதுவும் தெரியும்.

அவரிடம் நான் கிளம்பிவிட்டேன் என்று சொல். கேட்கும்போதெல்லாம் சொல், பாதி வழி வந்துவிட்டாள், ஆற்றைத் தாண்டிவிட்டாள் என்று சொல். கடைசி வரைக்கும் நம்புவார். நான் வராமல் இருந்ததே இல்லை.

இஷ்பெல்